தாய்மாமன் பேனர்

உட்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும். இப்படி நாற்காலியில உட்காருங்க. கரண்ட் இப்பத்தான் வந்துச்சு, மிஷின் கொஞ்சம் சூடாகணும். கிரகப்பிரவேசம்தானே? பசுவும் கன்னும் இருக்கு, மாவிலைத் தோரணம் இருக்கு, குத்துவிளக்கு இருக்கு. எல்லாம் ரெடியா வெச்சிருக்கோம். தலை எத்தனைன்னு மட்டும் சொல்லுங்க.

தலைன்னா ஆளுங்க படம் சார். தொழில்ல அப்படித்தான் சொல்வோம். பேனர்ல தலை சரியா விழுந்தாத்தான் சொந்தபந்தம் சரியா இருக்கும். ஒரு வீட்டுக் கல்யாணத்துல சித்தப்பா தலையைச் சம்பந்தி தலையைவிடச் சின்னதாப் போட்டுட்டேன், இன்னிக்கு வரைக்கும் அந்த ரெண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அதனால யார் பெரிசு, யார் சின்னதுன்னு கேட்டு எழுதிக்காம நான் டிசைன்ல கை வைக்கிறதில்லை.

உங்க தலை, வீட்டுக்காரம்மா தலை, பெரிய பொண்ணு, சின்னப் பையன். நாலு. பெரிய பொண்ணு எங்க இருக்கு? அமெரிக்காவா! இதை முதல்லயே சொல்ல மாட்டீங்களா சார்? அப்ப அந்தத் தலைதான் நடுவுல வரணும். நீங்களும் அம்மாவும் ரெண்டு பக்கம். வேலையா, படிப்பா? படிப்பு. சரி, சரி. அதுக்குக் கீழே என்ன போடறதுன்னு அப்புறம் பேசுவோம்.

அதோ கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கான் பாருங்க, முதுகு மட்டும் தெரியுதே, அவன் என் மகன். நவநீதன். அவனும் அமெரிக்காதான். எம்.எஸ். படிச்சுக்கிட்டிருந்தான். ஒரே ஒரு செமஸ்டர் பாக்கி. மெதுவாப் பேசணும்னு இல்லை சார், காதுல பாட்டுக் கேட்கற ஒயரை மாட்டிட்டான்னா அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. நாள் முழுக்க அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

ஏன் இங்க இருக்கான்னு கேட்கறீங்க. எல்லாரும் கேட்கறாங்க. ஒருத்தன் வயித்தெரிச்சல் சார். ஒரே ஒருத்தன் வயித்தெரிச்சல், ஒரு பையன் வாழ்க்கையையே திருப்பி அனுப்பிடுச்சு. யாருன்னு சொல்றேன், அவசரப்படாதீங்க. டீ சொல்லட்டுமா? சர்க்கரை இல்லாமலா? சரி.

அங்க சட்டம் எப்படின்னா சார், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். படிக்கப் போன பிள்ளை காலேஜ் காம்பவுண்டுக்குள்ள வேலை பார்க்கலாம். லைப்ரரி, கேன்டீன், லேப், அந்த மாதிரி. அதுவும் வாரத்துக்கு இவ்வளவுதான்னு மணிக்கணக்கு உண்டு. காம்பவுண்டைத் தாண்டி வெளியில பார்க்கணும்னா தனியா அனுமதி வேணும். படிப்பை முடிச்சா ஒரு அட்டை தருவாங்க. அந்த அட்டை கைக்கு வந்துட்டா அப்புறம் படிச்ச படிப்புக்குத் தகுந்த வேலைக்குத் தைரியமாப் போகலாம். அந்த அட்டைக்குத்தான் சார் எல்லாரும் போறது. படிப்புக்கா போறாங்க? படிப்பு காரைக்குடியிலயே இருக்கே.

எனக்கு எல்லாம் அத்துப்படி. ஆனா அது பேப்பர்ல இருக்கிற சட்டம். ரோட்டுல பேனர் வைக்கக் கூடாதுன்னும்தான் சட்டம் இருக்கு. வைக்காமலா இருக்கோம்? வைக்காம இருந்தா நீங்களும் நானும் இப்ப எதுக்கு இங்க உட்கார்ந்து பேசறோம்?

முதல் வருஷம் லைப்ரரியில புத்தகம் அடுக்கற வேலை கிடைச்சுது அவனுக்கு. ரெண்டாவது வருஷம் அந்த இடத்தை எடுத்துட்டாங்க. இவன் போன் பண்ணி, ஒரு நேரம்தான்ப்பா சமைக்கிறோம்ங்கறான். பக்கத்துல ஒரு மளிகைக் கடை, நம்ம தேவகோட்டைப் பக்கத்து ஆள் வெச்சிருக்கார். சாயங்காலம் வந்து கல்லாவுல நில்லு தம்பின்னு கூப்பிட்டிருக்கார். இவன் என்கிட்ட கேட்கறான். "அப்பா, போகலாமா? காலேஜுக்கு வெளியில பார்க்கக் கூடாதுப்பா. மாட்டினா படிப்பும் போயிடும், அப்புறம் வர்ற அனுமதியும் போயிடும்" அப்படின்னான்.

நான் என்ன சொல்லணும்? பெத்தவன் தைரியம்தானே சொல்லணும்? "எல்லாரும் பார்க்கறதுதானேடா. திருடவா போற? உழைச்சுச் சாப்பிடறது எந்த ஊர்லடா குத்தம்? மாட்டறவன் மாட்டுவான், நீ ஏன் மாட்டப் போற?" அப்படின்னேன். அப்புறம் "சரிப்பா"ன்னான். அந்தச் சரிக்கு அப்புறம் சாப்பாட்டுக் கஷ்டம்னு அவன் ஒரு நாள் சொன்னதில்லை. நான் சொன்ன யோசனை அப்படி.

டீ வந்துடுச்சு. எடுத்துக்குங்க. இது சர்க்கரை இல்லாதது.

இவன் அம்மா இருக்காளே, என் சம்சாரம் பூங்கோதை, அவளுக்கு எப்பவும் ஒரே புலம்பல். பிள்ளை இளைச்சிட்டான், கன்னம் ஒட்டிப் போச்சுன்னு. அவளைச் சமாதானப்படுத்தறதுக்கு ஒரு நாள் கடையில நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினான். பச்சைச் சட்டை, நெஞ்சுல கடைப் பேரு, முன்னால கல்லாப்பெட்டி, பின்னால ரேக்குல நம்ம ஊர் அப்பளம், ஊறுகாய். மூஞ்சியில ஒரு சிரிப்பு. கீழே எழுதியிருந்தான், அம்மாவுக்கு மட்டும்னு. அவ போனை அவளா பார்க்கறா? கண்ணாடி இல்லாம அவளுக்கு என்ன தெரியும்? நான்தான் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் தோணினது ஒண்ணுதான் சார். இது பேனர்ல ஏறணும்.

அதுக்கு ஏத்த மாதிரி விசேஷமும் வந்துச்சு. என் மக சுபாஷினி பெத்த பேரனுக்கு, போன வைகாசியில காதுகுத்து. உங்களுக்குத் தெரியாததா? காதுகுத்துன்னா தாய்மாமன்தானே எல்லாம்? பிள்ளை தாய்மாமன் மடியில உட்கார்ந்தாத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். பேனர்லயும் பிள்ளைக்கு அடுத்தது தாய்மாமன் தலைதான். அவனுக்கும் லீவு. வர்றேன்னுட்டான். இருபதடிக்குப் பத்தடியில போடறதுன்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

இங்கதான் ஒரு சிக்கல். படம் இருக்கு, பேரு இருக்கு. பேருக்குக் கீழே? வெறும் பேரு மட்டும் போட்டா அந்தத் தலை மொட்டையா நிக்கும் சார். எங்க தொழில்ல இது பெரிய விஷயம். பேருக்குக் கீழே ஒரு உத்தியோகம் இருக்கணும், ஒரு பட்டம் இருக்கணும், ஒண்ணுமே இல்லைன்னா 'தொழிலதிபர்'னாவது போட்டாகணும். வாசல்ல இஸ்திரி வண்டி வெச்சிருக்கறவருக்கே நான் தொழிலதிபர்னு போட்டிருக்கேன். என் மருமகன் வெற்றிச்செல்வன், பள்ளிக்கூட வாத்தியார், அவர் சொல்றார். "மாமா, மாணவர்னு போடுங்களேன். அதானே உண்மை."

"மாணவரா? தாய்மாமன் சீர் கொண்டு வர்றவர் மாணவரா? புத்தகப் பையையா தட்டுல வெச்சுக் கொண்டு வருவான், மாப்பிள்ளை?"

நான் யோசிச்சேன். முதலாளி சாப்பிடப் போகும்போது கல்லாவைப் பார்த்துக்கறது யாரு? இவன். வந்த சரக்கைச் சரிபார்க்கறது யாரு? இவன். அப்ப மேனேஜர் இல்லாம வேற யாரு? போட்டேன். மேனேஜர், யு.எஸ்.ஏ. அதையும் இங்கிலீஷ் எழுத்துலயே போட்டேன். தமிழ்ல போட்டா அந்தக் கம்பீரம் வராது. தங்க நிறம், ஓரத்துல கறுப்பு நிழல். கட்டுமாவடி ரோட்டு முக்குல, மண்டபத்து வாசலுக்கு எதிர்லயே, சவுக்குக் கட்டை நட்டு ஏத்தினோம் பாருங்க, பஸ்ஸுல போறவன் எல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்துட்டுப் போறான். என் தொழில் வாழ்க்கையில நான் போட்டதுலயே பெரிய தலை அதுதான் சார். பேரன் தலைகூட அதைவிடக் கொஞ்சம் சின்னது.

திருச்சியில விமானம் இறங்கி இவன் காருல வர்றான். நானும் கூட இருக்கேன். வேணும்னேதான் அந்த வழியா வரச் சொன்னேன். முக்கு வந்ததும், "மேல பாருடா"ன்னேன். பார்த்தான். "வண்டியை நிறுத்துங்க"ன்னான். இறங்கிப் போய் அதுக்கு அடியில நின்னான். ரொம்ப நேரம் நின்னான். சந்தோஷத்துல பேச்சு வரலைன்னு நான் நினைச்சேன்.

"அப்பா, இதை இறக்குங்க."

"ஏன்டா, கலர் சரியில்லையா?"

"எனக்கு அங்க வெளியில வேலை பார்க்க அனுமதி இல்லைப்பா. கடைப் பேரு தெரியுது. சட்டை தெரியுது. கீழே மேனேஜர்னு வேற போட்டிருக்கீங்க. இது யார் கையிலயாவது போனா நான் முடிஞ்சேன்."

"இது அறந்தாங்கிடா. அமெரிக்காக்காரன் கட்டுமாவடி ரோட்டுல வந்து நின்னு எழுத்துக் கூட்டிப் படிக்கப் போறானா?"

டிரைவர்கூடச் சிரிச்சுட்டான். இவன் சிரிக்கலை. "இறக்குங்கப்பா, உங்களைக் கெஞ்சிக் கேட்கறேன்"ங்கறான். எப்படி சார் இறக்கறது? நீங்களே சொல்லுங்க. விடிஞ்சா காதுகுத்து. தாய்மாமன் முகத்தைக் கிழிச்சு இறக்கிட்டுப் பிள்ளைக்குக் காது குத்துவாங்களா? அபசகுனம் இல்லையா? அவன் நல்லதுக்குத்தானே சொல்றேன், அந்த முகம் அவன் முகம்தானே? வீட்டுக்கு வந்தா இவன் அம்மாவும் ஆரம்பிக்கறா. "ஏங்க, பிள்ளை பயப்படறானே, இறக்கிடுங்களேன்." சுபாவும் அவ கூடச் சேர்ந்துக்கிட்டா. பொம்பளைங்களுக்குத் தொழில் தெரியுமா? நான் முடியாதுன்னுட்டேன்.

இவன் என்ன பண்ணினான் தெரியுமா? கடைக்கு வந்து பச்சை ஸ்டிக்கர் வெட்டி எடுத்துக்கிட்டு, ஏணி போட்டு ஏறி, நெஞ்சுல இருக்கற கடைப் பேரை மூடி ஒட்டிட்டு வந்துட்டான். அந்த மேனேஜர் மேலயும் ஒரு பட்டை. காலையில நான் போய்ப் பார்க்கறேன். பச்சை வேற பச்சை சார். ரெண்டு பச்சையும் சேரலை. நெஞ்சுல பிளாஸ்திரி போட்ட ஆஸ்பத்திரிக் கேசு மாதிரி நிக்கறான் என் மகன், இருபதுக்குப் பத்துல. விசேஷத்துக்கு வர்றவன் என்ன நினைப்பான்? ஏறி ரெண்டையும் உரிச்சுப் போட்டேன். பசை தெரியாம துடைச்சும் விட்டேன்.

காதுகுத்து நல்லா நடந்துச்சு. குறை சொல்லக் கூடாது. பேரன் அழுத அழுகையில மண்டபமே அதிர்ந்துச்சு. இவன் மடியிலதான் உட்கார்ந்திருந்தான், மாமன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு. ஆனா வந்தவன் அத்தனை பேரும் பேனர் முன்னால நின்னு படம் எடுக்கறான். அந்தப் படத்தை இவன் ஒவ்வொருத்தர்கிட்டயும் போய், "மாமா, அதை அழிச்சிடுங்க, சித்தி, அதை அழிச்சிடுங்க"ன்னு சீர்த் தட்டைக் கீழே வெச்சுட்டுக் கெஞ்சிக்கிட்டுத் திரியறான். எனக்கு வெட்கமாப் போச்சு. தாய்மாமன் பண்ற காரியமா அது?

அப்ப வந்தான் சார் அவன். சிவஞானம். எனக்குப் பங்காளி முறை, தம்பி. அவன் மகன் கோயம்புத்தூர்ல ஒரு கம்பெனியில இருக்கான், அதுக்கு மேல போகலை. பேனர் முன்னால வந்து நின்னான். பின்னால கையைக் கட்டிக்கிட்டு மேலேயிருந்து கீழே வரைக்கும் படிக்கறான், கோர்ட்டுத் தீர்ப்பு படிக்கற மாதிரி. அப்புறம் இவன்கிட்ட கேட்கறான். "என்ன தம்பி, மேனேஜரா? படிப்பு முடிஞ்சிடுச்சா?" இவன் இல்லை சித்தப்பா, படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்னான். "அப்ப இது?" அப்படின்னு பேனரைக் காட்டறான். "அப்பா ஆசைக்குப் போட்டது சித்தப்பா." சிவஞானம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சான். அந்தச் சிரிப்பு இருக்கே சார், அதுலதான் எல்லாம் இருக்கு. அன்னிக்கே சுத்திப் போடுன்னு பூங்கோதைகிட்ட சொன்னேன். அவ பேரனுக்குச் சுத்திப் போட்டா, இவனை விட்டுட்டா.

திரும்பிப் போறதுக்கு முன்னால இவன் எங்க எல்லார் போனையும் வாங்கி ஒவ்வொண்ணா அழிச்சான். அம்மா போன், அக்கா போன், அத்தான் போன். என் போனையும் நீட்டினேன், அழிச்சுக்கன்னு. தன் போனையும் துடைச்சு வெச்சுக்கிட்டான். போன்ல அழிச்சா என்ன, ஒரிஜினல் கம்ப்யூட்டர்ல இருக்கே.

அவன் போன அன்னிக்கு வீடு வெறிச்சுன்னு போச்சு சார். நான் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். கை நேரா அந்த ஃபைலுக்குத்தான் போச்சு. திறந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். பிள்ளை இந்நேரம் கடல் மேல பறந்துக்கிட்டிருப்பானேன்னு நினைச்சேன். இறங்கினதும் போனைப் போடுவான், அப்பன் ஞாபகமா முதல்ல இது வந்து நிக்கட்டும்னு, அந்த பேனரை அப்படியே அவனுக்கு அனுப்பினேன். கீழே இங்கிலீஷ்லயே எழுதினேன். அமெரிக்க மேனேஜர் மகனுக்கு அப்பாவின் வாழ்த்துகள்னு அர்த்தம். எழுத்துப் பிழை வரக் கூடாதுன்னு மருமகன்கிட்ட கேட்டுத்தான் எழுதினேன். எதுக்குன்னு அவர்கிட்ட சொல்லலை. அவர் ஒரு பயந்தாங்கொள்ளி.

என்ன சார், டீயைக் கீழே வெச்சுட்டீங்க? ஆறிப் போச்சா?

அங்க இறங்கியிருக்கான். வரிசையில நின்னிருக்கான். கவுண்டர்ல இருந்த ஆபீசர் என்ன படிக்கறே, எங்க தங்கியிருக்கே, செலவுக்கு என்ன பண்றேன்னு கேட்டிருக்கான். இவன் ஏதோ தடுமாறியிருக்கான். தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஒரு விமானத்துல எத்தனை பேர் வர்றாங்க சார்? அத்தனை பேர்ல இவனை மட்டும் ஏன் கூப்பிடணும்? யாராவது எழுதிப் போடாம எப்படிக் கூப்பிடுவான்? சொல்லுங்க. போனைக் கொடுன்னு வாங்கியிருக்கான். அப்பத்தான் போட்ட போன். மேலாப்புல என் மெசேஜ் நிக்குது.

"இது யாரு?"

"நான்தான்."

"இந்தக் கடையில என்ன வேலை பார்க்கறே?"

இவன் என்ன சொல்லியிருக்கணும்? அது என் அண்ணன்னு சொல்லியிருக்கலாம். சும்மா போய் நின்னு எடுத்த போட்டோன்னு சொல்லியிருக்கலாம். எங்க அப்பா பேனர் கடை வெச்சிருக்கார், யாருக்கும் எதையும் போடுவார்னு சொல்லியிருக்கலாம். இவன் உள்ளதை உள்ளபடி சொல்லிட்டான். சாயங்காலம் கல்லாவுல நிக்கறேன்னு. பொய் சொல்ல வராது சார் அவனுக்கு, சின்ன வயசுலயிருந்தே. அது ஒரு குறைதான்.

அடுத்த விமானத்துலயே ஏத்தி விட்டுட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு அந்தப் பக்கம் தலை காட்டக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. இவன் கோட்டு, புத்தகம், கம்ப்யூட்டர் எல்லாம் அங்க ரூம்லயே கிடக்கு. டிசம்பர்ல படிப்பு முடிஞ்சிருக்கும் சார். ஒரு கம்பெனி, அனுமதி அட்டை வந்ததும் வந்து சேருன்னு சொல்லி வெச்சிருந்தது. இந்நேரம் சட்டப்படியே உட்கார்ந்து வேலை பார்த்துக்கிட்டிருப்பான். யாரும் அவனை ஒரு கேள்வி கேட்க முடியாது. அன்னிக்கு நான் போடற பேனர்ல எதையும் மூட வேண்டியிருந்திருக்காது.

திருச்சிக்கு நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன். கையில ஒரு பை. அந்த முக்கு வந்தப்ப, பேனர் இன்னும் அங்கதான் இருந்துச்சு, கண்ணை மூடிக்கிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் சொன்னான். "அப்பா, யாரும் எழுதிப் போடலை. சித்தப்பாவைச் சொல்லாதீங்க. உங்க மெசேஜ்தான்."

ஒரு தடவைதான் சொன்னான். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்லை. பெத்த அப்பனைப் பார்த்து அப்படி ஒரு வார்த்தை. நான் என்ன, வெடிகுண்டா அனுப்பினேன்? படம் சார். படம் என்ன பண்ணும்? இருபது வருஷமா படம் போடறேன். பொறந்ததுக்குப் போட்டிருக்கேன், செத்ததுக்குப் போட்டிருக்கேன். என் படத்தால ஒருத்தனுக்கு ஒரு கெடுதல் வந்திருக்கா?

சிவஞானம்தான் சார். வேற யாரும் இல்லை. எங்க வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணே, எனக்கு அந்த ஊர் அட்ரஸே தெரியாதுண்ணே, இங்கிலீஷ்ல நான் யாருக்குண்ணே எழுதுவேன்"னு அழுதான். சூடத்தை ஏத்தி அணைச்சு சத்தியம் பண்ணினான். சத்தியம் யாரும் பண்ணலாம். அவன் வீட்டு விசேஷத்துக்கு இனிமே நம்ம கடையில பேனர் கிடையாதுன்னு சொல்லிட்டேன். அவன் புதுக்கோட்டையில போய்ப் போட்டுக்கறான். தலையெல்லாம் கோணலா விழுந்திருக்கு, போய்ப் பார்த்தேன்.

பூங்கோதை இப்ப போனே தொடறதில்லை. அம்மாவுக்கு மட்டும்னு அனுப்பினானே, அதை அவதான் பத்திரமா வெச்சிருந்திருக்கணும்னு அவளா ஒரு பழியைத் தூக்கித் தலையில போட்டுக்கிட்டா. போனைக் கொண்டு போய் சுபாகிட்ட கொடுத்துட்டா. சொன்னாக் கேட்கறதில்லை. இந்த வீட்டுல யாரும் நான் சொன்னாக் கேட்கறதில்லை.

இவன் அப்படியே வந்து அந்த நாற்காலியில உட்கார்ந்தவன்தான். வேலை சுத்தம், குறை இல்லை. ஆனா ஒரு கிறுக்கு. தலையெல்லாம் ஒரே அளவாப் போடறான். பேருக்குக் கீழே ஒண்ணும் போட மாட்டேங்கறான். போன வாரம் ஒரு கட்சிக்காரர் நாலு வரி பட்டம் எழுதிக் கொடுத்துட்டுப் போனார், வெறும் பேரை மட்டும் போட்டு அடிச்சுக் கொடுத்துட்டான். அந்த மனுஷன் குதிச்ச குதி! நான்தான் வேற அடிச்சுக் கொடுத்தேன்.

அந்த பேனரா? எதுக்குக் குப்பையில போடணும், நல்ல கனமான பிளெக்ஸு. பின்னாடி கொட்டகைக்குக் கூரையாப் போட்டிருக்கேன். படம் உள்பக்கமா இருக்கற மாதிரிதான் போட்டேன், வெயில்ல முகம் வெளுக்கக் கூடாதுல்ல. மத்தியானம் அங்க உட்கார்ந்துதான் இவன் சாப்பிடறான். தலையை நிமிர்த்தறதில்லை.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். போனைக் கொடுங்க. உங்க பொண்ணு பேரென்ன சொன்னீங்க? மதுவந்தி. நல்ல பேரு, நடுவுல நிக்கும். இது பட்டுப்புடவை கட்டின படம். வேண்டாம் சார், இது நம்ம ஊர்லயே எடுத்தது, இதுல அமெரிக்கா எங்க தெரியுது? இது காலேஜ் வாசலா? மூஞ்சி சின்னதா இருக்கு. அடுத்தது... அட, இது! இதை ஏன் சார் கடைசியில வெச்சிருக்கீங்க? தலையில தொப்பி, கறுப்பு ஏப்ரன், கையில காபி கப்பு, பின்னால இங்கிலீஷ்ல போர்டு. காபிக் கடையா? எந்தக் கடையா இருந்தா என்ன, எவ்வளவு எடுப்பா இருக்கு பாருங்க! நம்ம நவநீதன் படம் மாதிரியே. இதை நடுவுல வெச்சு, பின்னால புது வீட்டை நிறுத்தினா... சார், பஸ்ஸுல போறவன் தலையை நீட்டுவான்.

பேருக்குக் கீழே என்ன போடலாம்? மாணவியா? நீங்களுமா சார்! வீடு கட்டின மனுஷன், மகளை மாணவின்னு போட்டு நிறுத்துவீங்களா? நான் சொல்றேன் கேளுங்க. மெதுவாவே சொல்றேன். மேனேஜர், யு.எஸ்.ஏ. இங்கிலீஷ் எழுத்துல. தங்க நிறம் எங்கிட்ட அப்படியே இருக்கு, பேரை மட்டும்...

என்னப்பா? என்ன திரும்பிட்ட? நான் உன்னைக் கூப்பிடலையே. யாரை, சாரையா? என்ன கேட்கணும்? கேளு.

"சார், அந்தக் காபிக் கடை காலேஜுக்கு உள்ள இருக்கா, வெளியில இருக்கா?"

பாருங்க சார், என்ன கேள்வி கேட்கறான்னு. கிரகப்பிரவேசத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உள்ள இருந்தா என்ன, வெளியில இருந்தா என்ன, பேனர்ல ரெண்டும் ஒண்ணுதானே? நீங்க ஏன் சார் எழுந்துட்டீங்க? உங்களுக்குத் தெரியலைன்னா விடுங்க, அது ஒரு பெரிய... போனை ஏன் சார் பிடுங்கறீங்க? மகளைக் கூப்பிடணுமா? இப்பவா? அங்க நடுராத்திரி சார், பிள்ளை தூங்கும். அட்வான்ஸ் எல்லாம் வேண்டாம் சார், உட்காருங்க. மாணவின்னே போட்டுடலாம். புடவைப் படமே போட்டுடலாம். சார்... பார்த்து, படி இருக்கு!

போயிட்டார். டீயைக்கூட முழுசாக் குடிக்கலை.

இப்ப உனக்குத் திருப்தியா? வர்ற ஆளையெல்லாம் இப்படி விரட்டினா கடையை நடத்தறதா, மூடறதா? நான் ரகசியமா அவர் காதுல சொல்றது உனக்கு எப்படிடா...

ஏம்ப்பா. நவநீதா. இங்க பாரு.

அந்த ஒயர்ல பாட்டு எதுவும் ஓடலையா?